இருநூறு மணி நேர முழுக்கு

வேற்று மொழியைப் பாடமாக எடுத்தவர்கள் மூன்றாம் ஆண்டை அந்த மொழி பேசும் நாட்டில் கழிக்க வேண்டும் என்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் நெடுநாளைய விதி. விதியை எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். அவர்களில் யாரும் இப்போது பணியில் இல்லை.

இஷ்பெல் ரென்னி டேனிஷ் படித்தாள். மீன்பிடித் துறைமுகத்து ஊர்க்காரி. அவளுடைய அப்பாவுக்குத் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. சிறு வயதில் அங்கே போய் உட்கார்ந்தால், வயர்லெஸ்ஸில் டேனிஷ் படகுக்காரர்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும். "என்னப்பா சொல்றாங்க?" என்பாள். "யாருக்கும்மா தெரியும்?" என்பார் அவர். அந்தச் சிரிப்பு எதற்கு என்று தெரிந்துகொண்டே தீர்வது என ஒன்பது வயதில் முடிவெடுத்தவள், பதினெட்டு வயதிலும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

டேனிஷ் வகுப்பில் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவன் ஸ்ட்ரூவன் லெக்கி. ஸ்பானிஷ் வகுப்பைக் காலை ஒன்பது மணிக்கு வைத்துவிட்டார்கள் என்பதால் அவன் டேனிஷ் எடுத்திருந்தான்.

இருவரையும் அனுப்பிவைக்கும் பொறுப்பு திரு. இம்ரியுடையது. அவருடைய அறைக்கு முன்பெல்லாம் 'வெளிநாட்டுப் படிப்புப் பிரிவு' என்று பெயர். ஆலோசகர்கள் வந்து ஆறு மாதம் ஆராய்ந்து அதை 'உலகளாவிய நடமாட்ட அலுவலகம்' என்று மாற்றிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததாகத் தகவல் இல்லை.

இம்ரி முதலில் ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தைக் கொடுத்தார். 'ஆபத்து: உள்ளூர் மொழி புரியாமல் போகலாம். தடுப்பு நடவடிக்கை என்ன?' என்று ஒரு கட்டம். இஷ்பெல் அதில் 'கற்றுக்கொள்வேன்' என்று எழுதினாள்.

இம்ரி அதை அடித்தார். "'ஆங்கிலத்தில் பேசிச் சமாளிப்பேன்'னு எழுதுங்க. இல்லேன்னா இன்ஷூரன்ஸ் கிடைக்காது."

"சார், மொழி கத்துக்கத்தானே போறேன்?"

"போறது அதுக்குத்தான். ஆனா போற வழியில அடிபடக் கூடாதில்ல?"

அடுத்து, மேசை இழுப்பறையிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். மொழி முழுக்குப் பதிவேடு. மாணவர் அந்த மொழியின் தாய்மொழியாளர்களோடு இருநூறு மணி நேரம் உரையாடியிருக்க வேண்டும். ஒவ்வோர் உரையாடலுக்கும் எதிராளியின் கையெழுத்து வேண்டும். இருநூறு மணி முழுகினால்தான் நான்காம் ஆண்டு. இல்லாவிட்டால் பட்டத்துக்கே முழுக்கு.

"இருநூறு மணியா!" என்றான் ஸ்ட்ரூவன்.

"ஒரு நாளைக்கு ஒரு மணி பேசினாக்கூட ஏழு மாசத்துல முடிஞ்சிரும்," என்றாள் இஷ்பெல். டென்மார்க்கைப் பற்றி அவளுக்கு அப்போது எதுவும் தெரியாது.

டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில், நோரஸ்கோவ் என்ற ஊரில் இறங்கிய முதல் நாளே ரொட்டிக் கடைக்குப் போனாள். அழகான டேனிஷில் ஒரு கறுப்பு ரொட்டி கேட்டாள். அந்த வாக்கியத்தை விமானத்திலேயே நாற்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். கடைக்காரப் பெண் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில், "நறுக்கித் தரட்டுமா?" என்றாள். இஷ்பெல் விடாமல் டேனிஷில் "ஆமாம்" என்றாள். அவள் ஆங்கிலத்தில் "பை வேணுமா?" என்றாள். இப்படி இருவரும் ஆளுக்கொரு மொழியைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் கடைக்காரப் பெண், "பாவம், எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டு, ஒரு இலவங்கப்பட்டைப் பன்னை இலவசமாகக் கொடுத்து அனுப்பினாள்.

ஊர் முழுக்க இதே கதைதான். பேருந்து ஓட்டுநர், நூலகர், பல் மருத்துவர் எல்லோரும் நல்லவர்கள். அந்நியப் பெண் தங்கள் மொழியில் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காதவர்கள். அவள் வாயைத் திறந்ததும் ஓடி வந்து ஆங்கிலத்தால் அவளைக் காப்பாற்றினார்கள்.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இன்னும் விசேஷம். டேனிஷ் இலக்கிய வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. பேராசிரியை டேனிஷ்காரர், பதினெட்டு மாணவர்களில் பதினான்கு பேர் டேனிஷ்காரர்கள். மீதி நான்கு பேர் டேனிஷ் கற்றுக்கொள்ள வந்தவர்கள். அந்த நால்வரின் வசதிக்காகத்தான் ஆங்கிலம்.

ஒருநாள் மாலை, ஊரில் தேவாலயக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்தாள். யாருக்கோ இறுதிச் சடங்கு. முழுக்க முழுக்க டேனிஷ்! ஆனந்தத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்ததும் காபி கொடுத்தார்கள். இறந்தவரின் மனைவி அவள் அழுததைக் கவனித்து, விசாரித்து, ஸ்காட்லாந்துக்காரி என்று தெரிந்ததும், கையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார்.

அக்டோபர் முடிவில் அங்கே வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் பிர்த்தெ லிண்ட்ஸ்கோவ் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க. உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு," என்றார், நல்ல ஆங்கிலத்தில். "விடுதிச் சமையலறையில நீங்க டேனிஷ்ல பேசியிருக்கீங்க."

"பேசினேன். அதுல என்ன தப்பு?"

"இங்க இணைப்பு மொழி இங்கிலீஷ். டேனிஷ்ல பேசினா சிலபேருக்கு ஒதுக்கிவச்ச மாதிரி இருக்கும்."

"மேடம், இது டென்மார்க்தானே?"

"கட்டடம் டென்மார்க்லதான் இருக்கு," என்றார் பிர்த்தெ, பொறுமையாக. "வளாகம் பன்னாட்டு வளாகம்."

"யாரு புகார் கொடுத்தது?"

"பெயரைச் சொல்லக் கூடாது. உங்க ஊர்ப் பையன்தான்."

இஷ்பெல் நேரே ஸ்ட்ரூவன் அறைக்குப் போனாள். அவன் நான்கு டேனிஷ் பையன்களோடு தரையில் உட்கார்ந்து, பலகையில் காய் நகர்த்திக்கொண்டிருந்தான். ஆட்டம் ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்தது.

"என்னைப் போட்டுக் கொடுத்தியாடா?"

"நானா? ஐயையோ, இல்ல. ஏதோ கருத்துக் கணிப்பு வந்துச்சு. 'எப்போதாவது ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தீர்களா?'ன்னு கேட்டான். நீ அன்னிக்கு டேனிஷ்ல ஏதோ சொன்னே, எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு ஒண்ணும் புரியலை. ஆமான்னு டிக் பண்ணேன். பண்ணினா ஒரு காபி இலவசம்."

"நீ டேனிஷ் மாணவன்டா!"

"அதனாலதான் இன்னும் வலிச்சுது," என்றான் ஸ்ட்ரூவன், உண்மையாகவே.

அவன் பதிவேட்டில் அன்றைக்கு எண்பத்தேழு மணி நேரம் ஏறியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் பையன்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். இஷ்பெலின் பதிவேட்டில் நான்கு மணி பதினான்கு நிமிடம். அதிலும் கால் மணி நேரம் பல் மருத்துவருடையது. அவள் வாய் திறந்திருந்தாலும் பேச முடியாத நேரம்.

நவம்பரில் அவளுக்கு மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக் கூடம் ஒன்றில் பகுதிநேர வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்குப் போய் நின்றாள். மேற்பார்வையாளர் செனாடா ஐம்பது வயதுக்காரி. பத்தொன்பது வயதில் போஸ்னியாவிலிருந்து போருக்குத் தப்பி வந்தவள். இஷ்பெல் அவளிடம் டேனிஷில் ஏதோ கேட்டாள். பதற்றத்தில் வாக்கியம் தாறுமாறாக வந்தது. இனி ஆங்கிலம் வரும் என்று காத்திருந்தாள்.

"என்ன சொன்னே? ஒண்ணும் புரியலை. மறுபடி சொல்லு," என்றாள் செனாடா, டேனிஷில்.

மறுபடி சொல்லு! இந்த இரண்டு மாதத்தில் அந்த நாட்டில் ஒருவரும் அவளிடம் சொல்லாத சொல். இஷ்பெல் மறுபடி சொன்னாள்.

"இப்பவும் தப்பு. ஆனா புரியுது. போ, அந்தத் தள்ளுவண்டியை இங்க கொண்டா."

செனாடாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மடிக்கும் மேசையிலிருந்த வியட்நாம்காரர் லோக்குக்கும் தெரியாது. இஸ்திரி இயந்திரத்தில் நின்ற போலந்துக்காரி ஹலினாவுக்கும் தெரியாது. செனாடாவின் மொழி லோக்குக்குத் தெரியாது, லோக்கின் மொழி ஹலினாவுக்குத் தெரியாது. ஆகையால் மூவரும் டேனிஷிலேயே சண்டை போட்டார்கள், டேனிஷிலேயே சமாதானமானார்கள், ஹலினாவின் மருமகனை டேனிஷிலேயே திட்டினார்கள். நோரஸ்கோவில் நாள் முழுக்க டேனிஷ் கேட்ட இடம் அது ஒன்றுதான்.

"ஏ பொண்ணு, அது தலையணை உறை! அதைப் போயி போர்வையோட சேக்குறியே, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"நேத்து நீதானே சேக்கச் சொன்னே?"

"நேத்து சொன்னது நேத்தைக்கு. பதிலுக்குப் பதில் பேச மட்டும் நல்லா கத்துக்கிட்டா, பாத்தியா லோக்?"

"நீ கத்துக் கொடுத்ததுதானே," என்பார் லோக், தலை நிமிராமல்.

பிப்ரவரியில் இஷ்பெலுக்கு டேனிஷில் கனவு வந்தது. மார்ச்சில், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஹலினாவோடு சண்டை போட்டு, ஒரு சொல்லுக்குக்கூட யோசிக்காமல் ஜெயித்தாள். ஜூன் மாதம் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது நானூற்று முப்பத்தாறு மணி நேரம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் செனாடா, நாக்கைக் கடித்துக்கொண்டு, அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஊர் திரும்பிய வாரமே இம்ரி கூப்பிட்டார்.

"நானூற்று முப்பத்தாறு! நம்ம பல்கலைக்கழக வரலாற்றுலயே இதுதான் அதிகம். அலுவலகத்தின் சார்பில் மனமார்ந்த பாராட்டுகள்," என்றார். "ஆனா ஒண்ணுகூடச் செல்லாது."

"ஏன் சார்?"

"இந்தச் செனாடா எங்க பிறந்தவங்க?"

"போஸ்னியாவுல."

"அப்ப இது போஸ்னிய முழுக்கு."

"நாங்க பேசினது டேனிஷ் சார்!"

"இருக்கலாம். தண்ணி டேனிஷ் தண்ணிதான். தொட்டி போஸ்னியத் தொட்டி. படிவம் தொட்டியைத்தான் கேக்குது." அவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். "போஸ்னியம் நூற்றெண்பது, வியட்நாமியம் நூற்றிருபது, போலிஷ் நூற்று முப்பத்தாறு. போலிஷ் மட்டும் நம்மகிட்ட இருந்திருந்தா அதுக்கு மாத்திவிட்டிருப்பேன். போன வருஷம்தான் மூடினோம்."

"அப்ப ஸ்ட்ரூவன்?"

"இருநூற்றுப் பன்னிரண்டு மணி. எல்லாம் அசல் டேனிஷ்காரங்க கையெழுத்து. ஒரு குறையும் சொல்ல முடியாது."

"அவங்க அத்தனை பேரும் அவன்கிட்டப் பேசினது இங்கிலீஷ்!"

"எந்த மொழியில பேசணும்னு படிவத்துல கட்டம் இல்லையேம்மா."

இஷ்பெல் நீலப் புத்தகத்தைப் புரட்டினாள். பெயர், பிறந்த நாடு, நாள், நேரம், கையெழுத்து. இம்ரி சொன்னது உண்மைதான். கட்டம் இல்லை.

செய்தியைக் கேட்ட செனாடா கொதித்துப் போனாள். "முப்பது வருஷமா இந்த நாட்டுல இருக்கேன். குடியுரிமைக்காகப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணியிருக்கேன். என் எதிர்வீட்டுக்காரன் இங்கயே பிறந்தவன், அவனை எழுதச் சொல்லு பாப்போம்!" என்று போனில் கத்தினாள். கையோடு இரண்டு பக்கக் கடிதமும் எழுதி அனுப்பினாள், டேனிஷில்.

கடிதம் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது அதைப் படிக்க ஆள் இல்லை. டேனிஷ் விரிவுரையாளர் கோடையில் ஓய்வுபெற்றிருந்தார். அந்த இடத்தை நிரப்புவதில்லை என்று முடிவாகியிருந்தது. எங்கெங்கோ விசாரித்ததில், பல்கலைக்கழகத்தில் டேனிஷ் தெரிந்தவராக ஒரே ஒருவரின் பெயர் அகப்பட்டது. 'பத்து வேலை நாட்களுக்குள் மொழிபெயர்த்து அனுப்பவும்' என்ற குறிப்போடு கடிதம் இஷ்பெலுக்கே வந்தது. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்து அனுப்பினாள். மறுவாரம் பதில் வந்தது: மொழிபெயர்ப்பு சிறப்பாக உள்ளது, ஆனால் மொழிபெயர்ப்பாளர் இவ்விஷயத்தில் சம்பந்தப்பட்டவர் என்பதால் ஏற்பதற்கில்லை.

"கருணை அடிப்படையில்," என்றார் இம்ரி, "உங்களுக்கு மட்டும் ஒரு சிறப்பு வாய்மொழித் தேர்வுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கேன். அதுல தேறிட்டா மணிக்கணக்கு வேண்டாம்."

தேர்வுக் குழுவில் மூன்று பேர். திரையில் கோபன்ஹேகனிலிருந்து பேராசிரியர் வில்ஸ்டெட். நடைமுறையைக் கவனிக்க இம்ரி. நடுநிலைக்காக, லண்டனிலிருந்து வந்து நிலவியல் நடத்தும் ஒரு விரிவுரையாளர்.

வில்ஸ்டெட் டேனிஷில், "அங்க என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு டேனிஷ்காரர் அவளிடம் டேனிஷில் கேள்வி கேட்டு, பதிலுக்கும் காத்திருந்தார்! இஷ்பெல் தயக்கமே இல்லாமல் ஆரம்பித்தாள். அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் அங்கிப் பையில் மீன் சாண்ட்விச்சை மறந்துவிட, அது சலவையில் போய், நாற்பது அங்கிகளும் மீன் வாசனையோடு வெளியே வந்த கதை. செனாடா அப்போது என்ன சொன்னாள் என்பதையும் செனாடாவின் குரலிலேயே சொன்னாள். பேராசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இம்ரி தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும். இப்ப நடந்தது குறிப்பேட்டுல ஏறாது. விதி பதினொன்றின்படி, தேர்வு குழுவிலுள்ள எல்லாருக்கும் புரியும் மொழியில நடக்கணும்."

"இது டேனிஷ் தேர்வு," என்றார் வில்ஸ்டெட்.

"ஆமாம். டேனிஷ் தேர்வை இங்கிலீஷ்ல நடத்துவோம்."

பேராசிரியர் திரையில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரும் ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். வாயை மூடிக்கொண்டு, பிசிறில்லாத ஆங்கிலத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

இஷ்பெலுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோபம் வந்தால் அவளுக்குத் துறைமுகத்து ஆங்கிலம்தான் வரும். மீன் ஏலக்காரர்களின் ஆங்கிலம் அது. பக்கத்து மாவட்டத்திலேயே பாதிதான் புரியும். "மறுபடி சொல்ல முடியுமா?" என்றார் வில்ஸ்டெட். சொன்னாள். "இன்னொரு தடவை?" என்றார் நிலவியல்காரர். அவள் இன்னும் கோபமாகச் சொன்னாள். இருவரும் ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. 'தேர்வு நடந்த மொழியில் மாணவியின் திறன்: நூற்றுக்கு நாற்பத்தேழு. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். கருத்தோட்டம் நன்று, உச்சரிப்பு தெளிவில்லை. பரிந்துரை: ஆங்கிலம் பேசும் நாடு ஒன்றில் ஓராண்டு.'

"சார், நான் ஸ்காட்லாந்துலதான் இருக்கேன்," என்றாள் இஷ்பெல்.

"இருபத்தோரு வருஷமா இருக்கீங்க," என்றார் இம்ரி, ஆதரவாக. "பலன் கிடைக்கலைன்னுதானே தெரியுது?"

"பிறந்ததுல இருந்து இங்கிலீஷ்தான் சார் பேசுறேன்."

"அதை எங்கயாவது கையெழுத்து வாங்கி வச்சிருக்கீங்களா?"

இல்லை. அவர் ஒப்பந்தப் பட்டியலை எடுத்தார். அயர்லாந்தோடு போட்ட ஒப்பந்தம் காலாவதி. மால்டாவில் இடமில்லை. மிச்சமிருந்த இடங்களை, மாணவர்கள் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்ற கணக்கின்படி வரிசைப்படுத்தியிருந்தார்கள். இம்ரியின் விரல் முதல் வரியில் நின்றது.

"நோரஸ்கோவ்," என்றார். "டென்மார்க். இங்கிலீஷ் சூழலுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்லையாம். நம்ம நடமாட்டத் தூதரே சொல்றார்." சுவரில் புதிதாக ஒரு பெரிய படம். டேனிஷ் கொடியைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரூவன் சிரித்தான்.

இஷ்பெல் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். இம்ரி மனம் மாறுவதற்குள் படியிறங்கி, தெருவுக்கு வந்ததும் செனாடாவுக்குப் போன் செய்தாள். பின்னால் இஸ்திரி இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"செனாடா, செப்டம்பர்ல வர்றேன்! ஒரு வருஷம்! எதுக்குத் தெரியுமா? இங்கிலீஷ் கத்துக்க அனுப்புறாங்க!"

அவள் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

"உனக்குமா?" என்றாள் செனாடா.

"எனக்குமான்னா?"

"இந்தக் கூடத்தை ஏதோ பெரிய கம்பெனி வாங்கிருச்சு. புது மேனேஜர் வந்திருக்கான். அடுத்த மாசத்துல இருந்து உள்ள இங்கிலீஷ் மட்டும்தான் பேசணுமாம். டேனிஷ் பேசினா டேனிஷ் தெரியாதவங்க மனசு புண்படுமாம்."

"டேனிஷ் தெரியாதவங்க யாரு இருக்காங்க அங்க?"

"இன்னும் யாரும் வரலை. வந்தா புண்படுவாங்களாம். லோக் நேத்துல இருந்து வாயே திறக்கலை. ஹலினா மருமகனைத் திட்டுறதையே நிறுத்திட்டா." செனாடா குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் மேனேஜர்ல இருந்து எல்லாருக்கும் இங்கிலீஷ் பரீட்சை வச்சாங்க. இப்ப சொல்லிக் கொடுக்க ஆள் தேடுறாங்க. தாய்மொழி இங்கிலீஷா இருக்கணுமாம். நான் உன் பேரைச் சொல்லியிருக்கேன். நீ அதுல பாஸ்தானே?"

இஷ்பெல் கையிலிருந்த முடிவுத் தாளைப் பார்த்தாள்.

"இல்ல செனாடா. நாற்பத்தேழு மார்க்தான்."



"அடேங்கப்பா," என்றாள் செனாடா. "எங்க மேனேஜருக்கு முப்பத்தொண்ணு."